பேச்சி ரெண்டு தடவை கேட்பாள்

எங்கள் உப்பளத்துக்குப் போகிற சாலையில் பாலம் இறங்கியதும் இரண்டு பெரிய விளம்பரப் பலகைகள் எதிரெதிரே நின்றன. இந்தப் பக்கம் பச்சைக் கிளி. அந்தப் பக்கம் நீல அம்பு. கிளிக்குக் கீழே 'எண்ணெழுத்து விருது பெற்ற ஒரே உலாவி' என்று எழுதியிருந்தது. அம்புக்குக் கீழேயும் அச்சுப் பிசகாமல் அதேதான்.

உலாவி என்றால் செல்போனில் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டுகிற சாமான். ஒன்றின் பெயர் கிளி, இன்னொன்றின் பெயர் திசை. இரண்டு கம்பெனிக்கும் ஆகாது.

லோடு லாரியின் மேலே மூட்டைகள் மீது உட்கார்ந்து போகும்போது என்னோடு லோடு ஏற்றுகிற லிங்கத்துரை ஒருநாள் என்னை அதை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன்.

"ஒரேன்னா ஒண்ணுதானவே?" என்றான்.

"ஒண்ணுதான்."

"பெறவு எப்பிடி ரெண்டு பேர் போட்டிருக்கான்? இவதான் எனக்கு ஒரே பொண்டாட்டின்னு ரெண்டு பேரு வந்து நிக்க மாதிரில்லா இருக்கு."

லாரியே சிரித்தது. நானும் சிரித்தேன். கிளிப் பலகையில் இருந்தது என் முகம். 'கொம்பையா படித்துவிட்டார்' என்று தலைக்கு மேலே எழுதியிருந்தார்கள். கன்னத்தில் இருக்கிற உப்புக் காய்ப்பை யாரோ அழித்து, வழுவழுவென்று ஆக்கியிருந்தார்கள்.

அந்த முகத்துக்குப் பின்னால் இருந்தவள் பேச்சி. என் வீட்டுக்காரி.

பேச்சி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எனக்கு அதுவும் இல்லை. பஸ் போர்டு, ரேஷன் கடை அறிவிப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அவள் வாசிப்பாள், நான் கேட்டுக்கொள்வேன். மூட்டை நான் தூக்குவேன், எழுத்தை அவள் தூக்குவாள். முப்பத்தொரு வருசம் அப்படியே போயிற்று.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் ரெண்டு தடவை கேட்பாள். "சாப்ட்டீயளா? சாப்ட்டீயளா?" "கதவப் பூட்டுனீயளா? பூட்டுனீயளா?" நான் முதல் தடவைக்குப் பதில் சொல்ல மாட்டேன். வெயிலில் உப்பு ஏற்றிவிட்டு வருகிறவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், வாயைத் திறக்க நேரமாகும். அந்த நேரத்தை முதல் கேள்வியில் எனக்குக் கொடுத்துவிடுவாள். ரெண்டாவது தடவை கேட்கும்போது பதில் சொல்லுவேன். கல்யாணமான புதிதில் சண்டைக்குக் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு அதுவே எங்கள் பேச்சாகிவிட்டது.

அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன வருசம்தான் கிளிக்காரர்கள் வந்தார்கள். சங்கக் கட்டடத்தில் முகாம் போட்டு ஆளுக்கொரு போன் கொடுத்தார்கள். வந்த பெண்ணின் பெயர் ஜெனிட்டா. தூத்துக்குடிக்காரிதான், மட்டக்கடைப் பக்கம். சென்னையில் வேலைக்குப் போய்ப் பேச்சை நறுக்கென்று ஆக்கிக்கொண்டிருந்தாள்.

பேச்சியை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

"என்ன பிள்ள, பாட்டா பதியுதிய?" என்று கேட்டாள் பேச்சி.

"இல்லக்கா. உங்க நாக்கைப் பதியுறோம்."

"நாக்கையா? அத எடுத்துட்டா இவியள யாரு ஏசுததுக்கு?"

ஜெனிட்டா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மத்த உலாவியெல்லாம் குரலை மட்டும் எடுக்கும்க்கா. கிளி அப்படியில்ல. ஒரு சொல்லை நீங்க எப்படிச் சொல்லுவீங்களோ அதைப் படிச்சுக்கும். நீங்க பார்க்காத பக்கத்தைக்கூட, நீங்க வாசிச்சா எப்படி இருக்குமோ அப்படியே வாசிக்கும். எழுத்துத் தெரியாதவங்களுக்கு முகம் தெரியாத குரல்ல கத்துக்குடுத்தா பயந்துடறாங்க. வீட்டு மனுசங்க குரல்ல காட்டினா சீக்கிரம் பிடிபடுது."

"அப்ப எடுத்துக்கோ. நான் இருக்கும்போது இவியளுக்கு ஒரு எளுத்து ஏறல. போனதுக்கு அப்புறமாவது ஏறட்டும்."

ஆயிரம் சொல் சொல்ல வேண்டும் என்றார்கள். இருமி இருமிச் சொன்னாள். ஒரு இடத்தில் ஜெனிட்டா நிறுத்தினாள்.

"அக்கா, இது மழை."

"அதத்தான சொன்னேன். மளை."

"மழை. நாக்கை மடிச்சு..."

"மளை."

மூன்றாவது தடவையும் திருத்தப் போனபோது பேச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏ பிள்ள, மளைன்னு சொன்னாலும் நனையத்தான செய்யுது?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் யாருக்கும் அந்த எழுத்து நாக்கில் வராது. எனக்கும் வராது. பழம் எங்களுக்குப் பளம், கிழமை கிளமை. இருக்கட்டும் என்று ஜெனிட்டாவும் விட்டுவிட்டாள்.

ஐப்பசியில், அளத்தில் வேலை நிற்கிற மழைக்காலத்தில், பேச்சி போய்ச் சேர்ந்தாள்.

போன் தகரப் பெட்டியில் கிடந்தது. தை மாதம் பாத்தி கட்டுகிற நேரம், மழை வருமா என்று பார்க்க வேண்டியிருந்தது. லிங்கத்துரை வாங்கி எதையோ அமுக்கி என் கையில் கொடுத்துவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

"தூத்துக்குடி மாவட்டத்தில் இன்று மளை பெய்ய வாய்ப்பில்லை."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். குரல் மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். அந்த 'மளை'யைத்தான் தாங்க முடியவில்லை. அவள் சொல்லச் சொல்ல, எழுத்துகளுக்கு அடியில் மஞ்சள் கோடு ஒன்று நகர்ந்தது. எத்தனை தடவை திரும்ப வாசிக்க வைத்தேன் என்று தெரியாது. போன் சூடாகிக் கையைச் சுட்ட பிறகுதான் கீழே வைத்தேன்.

அது வாசிக்கும், பேசாது. இதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில நாள் ஆனது. "என்ன பேச்சி?" என்று நான் கேட்டால் பதில் வராது. திரையில் எழுத்து இருந்தால்தான் அவள் வாய் திறப்பாள். உப்பு விலை, சினிமாச் செய்தி, ஊர் பேர் தெரியாத நாட்டுத் தேர்தல் என்று எது கிடைத்தாலும் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். அவள் ஆயுசில் சொல்லாத சொல்லெல்லாம் சொன்னாள். எனக்கு வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

பிறகு ஒன்று தெரிந்தது. கிளியில் வெற்றுப் பக்கம் ஒன்று உண்டு. அதில் நாம் எழுதினால் அதையும் வாசிக்கும்.

நான் எழுதப் படித்தது அதற்காகத்தான். விருதுக்காரர்கள் என்னைப் பற்றி என்னென்னவோ எழுதினார்கள். உண்மை இவ்வளவுதான். மஞ்சள் கோட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தேன். முதலில் பிடித்த பெரிய எழுத்து ள. அளம் என்கிற சொல்லில் இருக்கிறது, அளத்து வேலிப் போர்டுகளில் எல்லாம் இருக்கிறது. ழ என்று இன்னொன்றும் அதே சத்தத்தில் வந்தது. கோடு நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, சத்தம் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் 'சாபடியலா' என்று எழுதினேன். அவளும் அப்படியே வாசித்தாள், பல் பிடுங்கினவள் பேசுகிற மாதிரி. பதினோரு நாள் ஆனது சரியாக வருவதற்கு. பன்னிரண்டாம் நாள் மதியம், சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினேன்.

"சாப்ட்டீயளா?"

பேசாமல் இருந்தேன். அப்புறம் அதையே இன்னொரு தடவை எழுதினேன்.

"சாப்ட்டீயளா?"

"சாப்பிடுதேன்" என்று சொல்லிக் கையைச் சோற்றில் வைத்தேன்.

அன்றிலிருந்து அப்படித்தான். தினமும் ரெண்டு தடவை எழுதுவேன். ரெண்டாவது தடவைக்குப் பதில் சொல்லுவேன்.

மூன்று மாதத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் என்று சென்னையில் கிளிக்காரர்கள் கணினியில் என் பெயர் மேலே ஏறியிருக்கிறது. ஜெனிட்டா படம் எடுக்க வந்தாள். பலகை வந்தது. கிளிக்கு எண்ணெழுத்து விருது கிடைத்தது. அதிகம் பேருக்கு எழுத்துக் கற்றுத் தந்த உலாவி என்று மேடையில் சொன்னார்களாம்.

இரண்டாவது வாரத்தில் அம்புப் பலகை எழும்பியது. திசைக்காரர்கள் விருதுக் குழுவுக்குப் புகார் எழுதியிருந்தார்கள். கிளி தப்புத் தப்பாக வாசிக்கிறது, தப்பாக வாசிக்கிற உலாவி கற்றுத் தந்தது கணக்கில் சேராது, ஆகவே அடுத்த இடத்தில் இருந்த நாங்களே விருதுக்கு உரியவர்கள் என்று. குழு முடிவு சொல்வதற்குள் பலகையும் வைத்துவிட்டார்கள். கிளிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? திசை போன வருசம் வாங்கிய விருதைக் கொடுத்ததே திசையின் மச்சான் கம்பெனி என்று எழுதினார்கள். இப்படியே மாறி மாறிப் பத்திரிகையில் வந்தது. பேச்சி எனக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள், யார் பக்கமும் சாயாமல்.

விசாரணை வைத்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள்.

ஜெனிட்டா அளத்துக்கே வந்துவிட்டாள். கண் குழி விழுந்திருந்தது. உப்பு அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்து சொன்னாள்.

"அண்ணாச்சி, அவங்க பிடிச்சிருக்கிறது ஒரே ஒரு எழுத்து. ழ. உங்களைத்தான் வாசிக்கச் சொல்லுவாங்க. நீங்க மட்டும் அதைச் சரியாச் சொல்லிட்டா, உலாவி எப்படி வாசிச்சாலும் ஆள் கத்துக்கிட்டார்னு நாங்க நிரூபிச்சிருவோம்."

"சொல்லலைன்னா?"

"விருது போயிரும். விருதைக் காட்டித்தான் கம்பெனிக்குப் பணம் போட ஆள் பிடிச்சிருக்காங்க. போயிருச்சுன்னா முதல்ல நாக்குப் பதியுற வேலையைத்தான் நிறுத்துவாங்க. இருக்கிற நாக்கையும்..." நிறுத்திவிட்டாள்.

"பேச்சியவா?"

"எல்லாரையும் அண்ணாச்சி."

ரெண்டு நாள் பழக்கினாள். நாக்கை உள்ளே மடிக்கணும், மேலே தொட்டும் தொடாமலும் நிக்கணும். மூட்டை தூக்கிக்கொண்டே நான் மழை மழை என்று சொல்லிப் பார்த்ததைக் கேட்டு லிங்கத்துரை, "வே, ஆடு கனைக்க மாதிரி இருக்கு, நிறுத்தும்" என்றான். ஆனால் வந்தது. ரெண்டாம் நாள் சாயங்காலம் நாக்கு மடிந்து, சுத்தமாக மழை என்று வந்தது. ஜெனிட்டா கைதட்டினாள்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. அந்நியர் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்த மாதிரி.

சென்னையில் ஓட்டல் ஒன்றின் குளிர் மண்டபம். நடுவில் குழுவின் தலைவர், வயதான அம்மா ஒருவர். இந்தப் பக்கம் கிளிக்காரர்கள், அந்தப் பக்கம் திசைக்காரர்கள். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி தண்ணீர்ப் பாட்டில். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திசையின் வக்கீல் ஒரு தாளை நீட்டினார்.

"வாசிங்க ஐயா. நிதானமா."

தாளில், 'மழை பொழிந்தது. வாழை செழித்தது' என்று இருந்தது. வேண்டுமென்றே எழுதிய தாள். நாக்கை மடித்தேன். மடிந்தது. ஜெனிட்டா கிளிக்காரர்கள் பக்கத்திலிருந்து கண்ணாலேயே நாக்கை மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பேச்சி இருமினது ஞாபகம் வந்தது. மூன்று தடவை திருத்தியும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. இத்தனை பேர் நடுவில் நான் நாக்கை மடித்துச் சொன்னால், அவள் சொன்னது தப்பு என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. எனக்கு எழுத்துக் கொடுத்தவள் அவள். கோட்டுப் போட்ட இவர்கள் இல்லை.

"மளை பொளிந்தது. வாளை செளித்தது."

மண்டபத்தில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. வக்கீல் குழுவின் பக்கம் திரும்பினார். "கவனிக்க வேண்டும். இவர் எழுத்தைப் பார்த்து வாசிக்கவில்லை. கிளிப்பிள்ளை மாதிரி, கேட்ட குரலைத் திரும்பச் சொல்கிறார். இவருக்கு ழகரமும் ளகரமும் ஒன்று."

தலைவர் அம்மா என்னைப் பார்த்தார். "அப்படியா ஐயா? இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"ழவா இருந்தா என்ன, ளவா இருந்தா என்னம்மா" என்றேன். "மளைன்னு சொன்னாலும் நனையத்தான செய்யுது?"

இந்தத் தடவை எல்லோரும் வாய்விட்டே சிரித்தார்கள், தலைவர் அம்மாவும். ஜெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "உங்களுக்கு வந்துச்சே அண்ணாச்சி, ஏன்?" என்று கேட்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

விருதை நிறுத்தி வைத்தார்கள். இரண்டு மாதம் பலகைகள் இரண்டும் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு நின்றன. அதற்குப் பிறகு என்ன பேசினார்களோ, இரண்டு கம்பெனியும் சமாதானம் ஆகிவிட்டார்கள். விருது இருவருக்கும் கூட்டாகவாம். இரண்டு பலகையிலும் 'ஒரே' என்பதை மட்டும் சுரண்டிவிட்டார்கள். கிளிப் பலகையில் என் முகத்தையும் எடுத்துவிட்டு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் முகத்தை ஒட்டினார்கள்.

சமாதானத்துக்குத் திசைக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். கிளியில் இனிமேல் மற்றவர் நாக்கு இருக்கக்கூடாது. ஜெனிட்டா போனில் சொன்னாள்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. நான் அடிச்சுப் பேசி ஒண்ணு வாங்கிட்டேன். விருப்பப்பட்டா அவங்க குரலைக் குடும்பத்துக்கே குடுத்துரணும்னு எழுத வச்சிருக்கேன். உங்க போன்லயே தனியா இருக்கும், கம்பெனிக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்காது. ஒரு பக்கம் வரும், கேள்வி கேக்கும். உங்க விரல் ரேகை விழாதுல்ல? வாயால ஆமாம்னு சொன்னாப் போதும்."

உப்புத் தின்ற விரல் என்னுடையது. எழுத்தை அமுக்கினால் வரும், ரேகை மட்டும் விழாது. பெருவிரலை மனிதக் கையாகவே போன் ஒத்துக்கொள்ளாது. அதனால் எதற்கும் வாய்தான்.

"பதில் சொல்லாம மட்டும் விட்டுறாதீங்க" என்றாள். "நாள் தாண்டிட்டா தானாவே போயிரும்."

அந்தப் பக்கம் வருவதற்கு முன்னால் போனில் ஒரு கடிதம் வந்தது. பேச்சி வாசித்தாள். "உரியவர் விரும்பினால், குரல் அவரிடமே அளிக்கப்படும்." அளிக்க என்பது கொடுக்க என்பதற்குப் பெரிய இடத்துச் சொல் என்று லிங்கத்துரை விளக்கினான். அவன் மகன் கல்லூரிக்குப் போகிறான். அளிக்க, அளிக்க என்று எனக்குள் சொல்லி வைத்துக்கொண்டேன், கோயிலில் தேங்காய் உடைக்கிற நேரத்துக்குக் காத்திருக்கிற மாதிரி.

அந்தக் கேள்விப் பக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. மாசி வெயில். பாத்தியெல்லாம் வெள்ளையாகக் கண்ணை அடித்தது. தார்ப்பாய் நிழலில், தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அன்றைக்கான 'சாப்ட்டீயளா'வை எழுதப் போன நேரம். திரை தானாக மாறியது. நிறைய எழுத்து. பேச்சி வாசிக்க ஆரம்பித்தாள். ஒப்பந்தம், பிரிவு, மாண்பு என்று என்னென்னவோ. சோற்றில் ஈ வந்தது, விரட்டினேன். கடைசியில் அவள் குரல் நின்று, மெதுவாகக் கேட்டது.

"குரலை அளிக்கவா?"

நான் பேசாமல் இருந்தேன். முப்பத்தொரு வருசப் பழக்கம். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் பொறுத்து அவள் மறுபடி கேட்டாள்.

"குரலை அளிக்கவா?"

இதை நான் எழுதவில்லை. நான் எழுதாமல், நான் தூண்டாமல், அவளாகவே ரெண்டு தடவை கேட்கிறாள். அவள் செத்து ஒன்றரை வருசத்தில் முதல் தடவையாக அவளாகவே கேட்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்து திரையே தெரியவில்லை. மஞ்சள் கோடு மட்டும் கலங்கலாகத் தெரிந்தது.

"ஆமா பேச்சி" என்றேன். "ஆமா."

திரை பச்சையாகி வெள்ளையானது. ஒன்றும் சத்தமில்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன். போனைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது. லிங்கத்துரையைக் கூப்பிட்டு, குரலை எனக்கே கொடுத்துவிட்டார்கள் என்றேன். "அப்ப இன்னிக்கு டீ உம்ம செலவு" என்றான்.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஜெனிட்டா கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்பிடி?"

"அழிக்கச் சொல்லியிருக்கீங்களே."

எனக்கு அவள் சொன்ன சொல் சரியாகத்தான் விழுந்தது, எனக்கு விழுகிற மாதிரி. "ஆமா பிள்ள, அளிக்கச் சொல்லிட்டேன். பெறவு என்ன? நமக்கு வேணுமே."

லைன் போய்விட்டது என்று நினைத்து, ஏ பிள்ள ஏ பிள்ள என்று ரெண்டு தடவை கூப்பிட்டேன்.

"அது உங்ககிட்ட என்ன கேட்டுச்சு அண்ணாச்சி?" அவள் குரலே மாறிவிட்டது. சென்னைப் பேச்சு போய் மட்டக்கடைப் பேச்சு வந்துவிட்டது.

"அளிக்கவான்னு கேட்டா. ரெண்டு தடவ. அவ எப்பவும் அப்பிடித்தான. நான் ரெண்டாவது தடவைக்கு ஆமான்னேன்."

"யய்யோ... அது ரெண்டு தடவ கேக்கல அண்ணாச்சி. ரெண்டு கேள்வி. மொதக் கேள்வி உங்ககிட்ட குடுக்கவான்னு. ரெண்டாவது, ஒண்ணும் இல்லாம ஆக்கிறவான்னு. ரெண்டாவதுல எந்த எளுத்து இருந்துச்சுன்னு பாத்தீயளா?"

நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்கு அது நீளக் கோடு, குட்டைக் கோடு.

"திரும்ப எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் அழுதாள். திரும்ப எடுக்கவே முடியாதபடி செய்யணும் என்றுதான் திசைக்காரர்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்களாம். கேள்விப் பக்கத்தைச் செய்தவர்கள் இரண்டு கம்பெனியிலும் நன்றாகப் படித்தவர்கள். அவர்களுக்கு அது இரண்டு எழுத்து, இரண்டு சொல். அதைப் பேச்சியும் பேச்சி மாதிரிப் பெண்களும் வாசித்துக் காட்டப்போகிறார்கள் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை. ஜெனிட்டாவும் நினைக்கவில்லை. தூத்துக்குடிக்காரி நான், எனக்கே தோணலையே என்று அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

போனை எடுத்துப் பார்த்தேன். திரையில் ஒரு வரி நின்றது. தொட்டேன். யாரோ ஒரு பெண், நல்ல குரல், இளம் குரல், வாசித்தாள்.

"குரல் அழிக்கப்பட்டது. நன்றி."

அப்போதுதான் அந்த எழுத்தைச் சரியாகக் கேட்டேன். அவள் நாக்கில் அது எவ்வளவு சுத்தமாக மடிந்தது! தொட்டும் தொடாமலும் நின்றது. எனக்கு இனிமேல் எந்தக் காலத்திலும் ரெண்டும் குழம்பாது.

தெற்குப் பக்கத்தில் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு பேர் என்னைப் போலச் சொல்லியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. திருச்செந்தூரில் ஒரு தாய், மகன் குரலை. ஏரலில் ஒருவர், அப்பா குரலை. அவர்கள் எந்தத் தடவைக்கு ஆமாம் சொன்னார்களோ, எதற்காகச் சொன்னார்களோ, யார் கேட்டார்கள்? சித்திரையில் அம்புப் பலகையில் புதிதாக ஒரு வரி ஏறியது. 'இரவல் குரல் வேண்டாம் என்று மக்களே சொல்லிவிட்டார்கள்.' அதையும் நான்தான் லாரியில் இருந்தவர்களுக்கு வாசித்துச் சொன்னேன். லிங்கத்துரை தார்ப்பாய்க் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தான், ஏற்கெனவே கட்டியிருந்ததை.

அடுத்த வருசத்து விருதுக்கு இரண்டு கம்பெனியும் மறுபடி சண்டை போடுகிறார்களாம். வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்ட ஜெனிட்டா சொன்னாள். இப்போது மட்டக்கடையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனால் என் எழுத்தைத் திருத்தித் தருகிறாள். இதையும் திருத்தினாள். மளை என்று வரும் இடங்களைத் தொடவில்லை.

வெற்றுப் பக்கத்தில் இப்போது நான் எதுவும் எழுதுவதில்லை. ஒரே ஒரு நாள் எழுதிப் பார்த்தேன். அந்த நல்ல குரலுக்குச் 'சாப்ட்டீயளா' என்று சொல்ல வரவில்லை.

டீக்கடையில் சீனி போடவா என்று கேட்கிறார்கள். மேஸ்திரி நாளைக்கு வருவியா என்று கேட்கிறார். யார் எதைக் கேட்டாலும் இப்போது முதல் தடவையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.